அப்பா அம்மாவை டைனருக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போகணும், எப்படி ஆர்டர் செய்வது?

புதுக்குடித்தனம் கேட்டது:

நாங்கள் இருப்பது மத்திய நியூஜெர்சியில். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பா காலையில் நடக்கப் போகிற வழியில் ஒரு பழைய டைனர், அதாவது அமெரிக்க பாணிச் சிற்றுண்டிக் கடை, இருக்கிறது, வெளியே ஸ்டீல் தகடு அடித்து, நீளமாக, ரயில் பெட்டி மாதிரி. உள்ளே கவுண்டரில் வயதானவர்கள் காபியை வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அங்க ஒரு நாள் போய் உட்காரணும்டா" என்று வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் இதுவரை அந்தப் பக்கம் ஒதுங்கியதே இல்லை. காபி என்றால் காரில் இருந்தபடியே வாங்கிக்கொண்டு ஆபீஸ் போய்விடுவேன், சனி ஞாயிறு வெளியே சாப்பிடுவதென்றால் நம்மூர் ஹோட்டல்தான்.

சிக்கல் என்னவென்றால் அப்பா முட்டை சாப்பிடுவார், கறி மீன் கிடையாது. அம்மா முட்டையும் தொட மாட்டார். இணையத்தில் அந்தக் கடையின் மெனுவைப் பார்த்தேன், பத்துப் பன்னிரண்டு பக்கம் போகிறது, தலை சுற்றுகிறது. முட்டை என்று சொன்னால் எப்படி வேண்டும் என்று கேட்பார்களாமே, அதற்கு என்ன பதில் சொல்வது? போனதும் நாமே உட்காரலாமா, நிற்க வேண்டுமா? நம்ம மாதிரி டீ கிடைக்குமா? டிப்ஸ் எவ்வளவு? அப்பா ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவார், விரட்டிவிடுவார்களா? அம்மா சாப்பிட ஏதாவது உண்டா, இல்லை அவருக்கு வீட்டிலேயே இட்லி கொடுத்துவிட்டுக் கூட்டிப் போவது நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எடிசன்பக்கம் எழுதியது:

முதல் விஷயம், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஒன்பது மணியிலிருந்து மதியம் வரை சர்ச் முடிந்து வருகிற குடும்பங்கள், முந்தின ராத்திரி ஆட்டம் போட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் என்று வாசல் வரை நிற்பார்கள், பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், உட்கார்ந்த பிறகும் நிதானமாக மெனு படிக்க மனசு வராது. வார நாளில் ஏழு ஏழரைக்குப் போங்கள். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்த அந்தக் கூட்டம் வார நாள் காலைக் கூட்டம்தான், ஞாயிறன்று அவர்களே அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

கதவைத் திறந்ததும் ஒரு பலகை இருக்கும். காத்திருங்கள் என்று போட்டிருந்தால் நில்லுங்கள், யாராவது வந்து எத்தனை பேர் என்று கேட்டுக் கூட்டிப் போவார்கள். நீங்களே உட்காருங்கள் என்று போட்டிருந்தால் காலியாக இருக்கிற இடத்தில் உட்காரலாம். பலகையே இல்லை என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள், உள்ளேயிருந்து ஒருவர் கையைக் காட்டுவார். மூன்று பேருக்குக் கவுண்டர் சரிப்படாது, ஆனால் அப்பா தனியாகப் போகிற அன்று கவுண்டர் ஸ்டூல்தான் அவருக்கு ஏற்ற இடம். தனி ஆளாக வருகிறவர்கள் யாரிடமும் கேட்காமல் போய் உட்காருகிற இடம் அது, பக்கத்து ஸ்டூல்காரர் தானாகவே வானிலையில் ஆரம்பிப்பார்.

ரயில் பெட்டி மாதிரி என்று சொன்னீர்களே, அதற்குக் காரணம் இருக்கிறது, எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் சொல்லிவிடுகிறேன். 1872இல் ரோட் ஐலண்ட் மாநிலம் பிராவிடன்ஸில் வால்டர் ஸ்காட் என்பவர் ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்காக, முக்கியமாகப் பத்திரிகை ஆபீஸ் ஆட்களுக்காக, குதிரை வண்டியில் சாப்பாடு விற்க ஆரம்பித்தார். வண்டி பெரிதாகிப் பெரிதாகி, உள்ளேயே ஸ்டூல் போட்டு, கடைசியில் தொழிற்சாலையில் முழுக் கடையாகவே செய்து கொண்டுவந்து இறக்கி வைக்கிற தொழிலாக அது வளர்ந்தது. ரோட்டில் இழுத்துவர வேண்டும் என்பதால்தான் அந்த ஒடுக்கமான நீள வடிவம். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் ஒரு பெரிய தொழிற்சாலை, அப்புறம் நம்ம நியூஜெர்சியிலேயே பேயோன், பேட்டர்சன் என்று பல ஊர்களில். ரோட்டுக்கு ரோடு இங்கே டைனர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு நிறையக் கடைகள் கிரேக்கக் குடும்பங்களின் கைக்குப் போயின, அதனால்தான் பேன்கேக் போடுகிற அதே மெனுவில் கீரையும் சீஸும் மாவுக்குள் வைத்துச் சுட்ட, கிரேக்கப் பை என்கிற பலகாரமும் இருக்கும்.

பில் விஷயம். சர்வர் பில்லை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார், கிளம்பு என்று அர்த்தமில்லை. பல டைனர்களில் அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கக் கல்லாவில்தான் பணம் கட்ட வேண்டும், டிப்ஸை மட்டும் மேஜையில் நோட்டாக வைத்துவிட்டு வரலாம். மெனு விலையில் வரி சேர்ந்திருக்காது, நியூஜெர்சியில் 6.625 சதவீதம் தனியாக வரும். அதையே மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 20 சதவீத டிப்ஸ், மனக்கணக்குக்கு அதுதான் சுலபம்.


ஹாஃப்பாயில்ரசிகன் எழுதியது:

முட்டைக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதில் எனக்கு அக்கறை இல்லை :)

சன்னி சைட் அப் என்றால் நம்ம ஹாஃப்பாயில், திருப்பிப் போடாதது. ஓவர் ஈசி என்றால் திருப்பிப் போட்டு உடனே எடுத்தது, மேலே வெந்த மாதிரி தெரியும், குத்தினால் மஞ்சள் ஓடும். ஓவர் மீடியம் என்றால் மஞ்சள் பாதி இறுகி இருக்கும். ஓவர் ஹார்ட் என்றால் முழுக்க வெந்தது, நம்ம ஃபுல்பாயில். ஸ்கிராம்பிள்ட் என்றால் கிளறியது, வெங்காயம் மிளகாய் எதுவும் இருக்காது, முட்டைப் பொரியலை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். போச்ட் என்றால் ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்டு வேகவைத்தது, எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு. கலக்கி கேட்காதீர்கள், கிடைக்காது. கிளறியதையே கொஞ்சம் தளதளவென்று வேண்டும் என்று சொன்னால் பக்கத்தில் வரும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு முதல் தடவை ஓவர் மீடியம் சொல்லுங்கள், ரை என்கிற தானியத்தில் செய்த பிரெட் டோஸ்ட் கூட. டோஸ்டைக் கிழித்து மஞ்சளில் தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். மேஜையில் உப்பு, மிளகுத்தூள் இருக்கும், காரம் பத்தவில்லை என்றால் ஹாட் சாஸ் கேட்டால் டபாஸ்கோவோ வேறு ஏதோ ஒரு பாட்டில் வரும், காசு கிடையாது. ஆம்லெட் கேட்டால் பெரும்பாலும் மூன்று முட்டை, தட்டை அடைத்துக்கொண்டு வரும். அதில் ஹாலபீனோ மிளகாய் சேர்க்கச் சொல்லலாம், முகம் சுளிக்காமல் போடுவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெஸ்டர்ன் ஆம்லெட் என்று மெனுவில் இருக்கும், குடைமிளகாய் வெங்காயம் என்று படித்துவிட்டு ஆசைப்பட்டு ஆர்டர் செய்வார்கள் நம் ஆட்கள். அதில் ஹாம், அதாவது பன்றிக்கறி, உண்டு. டென்வர் ஆம்லெட் என்று சில இடத்தில் பெயர், சரக்கு அதேதான்.


சைவப்பட்சி எழுதியது:

அம்மாவைப் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் நான் வருகிறேன். நானும் முட்டை சாப்பிடாதவள்தான்.

மெனுவில் கறிப் பெயர் இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேன்கேக், வாஃபிள், பிரெஞ்சு டோஸ்ட் மூன்றும் முட்டை. பிஸ்கட் என்று தெற்கு மாநிலங்களின் ஸ்டைலில் வருகிற மெத்தென்ற ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், அதன் மேல் ஊற்றுகிற வெள்ளைக் குழம்பு பெரும்பாலும் சாசேஜ் கறி போட்டது. கிரேக்கப் பையில் கீரைதானே என்று நினைப்பீர்கள், உள்ளே முட்டை கலப்பது வழக்கம். சூப் எதுவாக இருந்தாலும் கோழித் தண்ணீரா என்று கேளுங்கள். வெஜ் பர்கரிலும் முட்டை இருக்கலாம். பழத்தோடு தயிர் என்று வந்தால்கூட சில பிராண்டில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும்.

அப்போ என்னதான் சாப்பிடுவது என்றால், இருக்கிறது. ஓட்மீல், தண்ணீரில் செய்ததா பாலில் செய்ததா என்று கேட்டுக்கொண்டு, மேலே உலர்திராட்சை, பழுப்புச் சர்க்கரை. பேகல் என்கிற வளைய ரொட்டியை டோஸ்ட் செய்து கிரீம் சீஸோடு, சாதாரண பேகலில் முட்டை இருக்காது, எக் பேகல் என்று தனியாக ஒன்று உண்டு, அதை மட்டும் தவிர்க்கணும். இங்கிலீஷ் மஃபின், வெண்ணெய், ஜாம். பழக் கிண்ணம். காட்டேஜ் சீஸ் கிடைக்கும், உப்பு மிளகு போட்டால் நன்றாகவே இருக்கும். கிரிட்ஸ் போடுகிற கடையாக இருந்தால் அதுவும் நல்லது, சோளக் குருணையை வெந்நீரில் குழைத்தது, வெண்ணெய் போட்டு உப்பு சேர்த்தால் அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் நியூஜெர்சியில் எல்லாக் கடையிலும் இருக்காது.

உருளைக்கிழங்குதான் உண்மையான தகராறு. ஹோம் ஃப்ரைஸ் என்று வெங்காயம் போட்டு வதக்கிய துண்டு உருளை, பார்த்தாலே சாப்பிடத் தோன்றும். ஆனால் பேக்கன் என்கிற பன்றிக்கறி போடுகிற அதே கல்லில்தான் அதையும் வதக்குகிறார்கள், சில இடங்களில் பேக்கன் கொழுப்பிலேயே. அம்மா எவ்வளவு கண்டிப்பு என்று உங்களுக்குத்தான் தெரியும். கல் ஒன்றே ஆனாலும் பரவாயில்லை என்பவரா, வாசனையே ஆகாது என்பவரா? பேக்கன் வாசனை கடை முழுக்க இருக்கும், அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வாசனையே ஆகாது என்றால் இட்லி கொடுத்துவிட்டு, அங்கே டீயும் பழமும் மட்டும் சொல்லுங்கள். அதுவும் தப்பில்லை, மேஜையில் ஒருவர் டீ மட்டும் குடித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.


பழையசர்வர் எழுதியது:

நான் இங்கேயே வளர்ந்தவள், காலேஜ் படிக்கும்போது டைனரில் காலை ஷிஃப்ட் பார்த்திருக்கிறேன், அதனால் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சைவப்பட்சி சொன்னது முக்கால்வாசி சரி, ஒன்று சேர்க்கணும். கல் ஒன்றுதான், ஆனால் பல சமையலறைகளில் ஆம்லெட்டைக் கல்லில் போடுவதில்லை, அடுப்பில் தனிச் சின்ன வாணலியில்தான். அதனால் அப்பாவுக்கும் பேக்கன் நெய் படக்கூடாது என்றால், பொரித்த முட்டையையும் சுத்தமான வாணலியில் போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். வார நாளில் ஏழு மணிக்குக் கேட்டால் சரி என்பார்கள், ஞாயிறு பதினொரு மணிக்குக் கேட்டால் சரி என்று சொல்லிவிட்டுக் கல்லிலேயே போட்டுவிடவும் வாய்ப்புண்டு. சமையல்காரர் கெட்டவர் என்றில்லை, அவர் முன்னால் இருபது ஆர்டர் சீட்டு தொங்கும். அலர்ஜி என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். நிறையப் பேர் அப்படிச் சொல்லச் சொல்லி யோசனை கொடுக்கிறார்கள், அந்த வார்த்தையைக் கேட்டால் உள்ளே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் துடைக்கணும், அப்புறம் நிஜமான அலர்ஜிக்காரர் வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள். மத காரணமாகக் கறி சாப்பிடுவதில்லை என்று நேராகச் சொன்னாலே போதும், மதிப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியம். காலைத் தட்டில் நான்கு கேள்வி உண்டு: முட்டை எப்படி, டோஸ்ட் எந்த பிரெட், உருளை ஹோம் ஃப்ரைஸா, துருவிப் பொரித்த ஹாஷ் பிரவுனா, கறி எது. சர்வர் கேட்பதற்கு முன்னாலேயே "இரண்டு முட்டை ஓவர் மீடியம், ரை, ஹோம் ஃப்ரைஸ், கறி வேண்டாம், பதிலுக்குத் தக்காளித் துண்டு" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டால் அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார், வருஷக்கணக்காக வருகிறவர் மாதிரி இருக்கும். கறிக்குப் பதில் தக்காளியோ பழமோ பெரும்பாலும் தருவார்கள், பழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஆகலாம். அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். உச்சரிப்பு புரியாதோ என்று பிள்ளைகள் முந்திக்கொண்டு பேசுவதைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தேவையே இல்லை. நியூஜெர்சி டைனரில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி.

சர்வர் அம்மாவை "ஹனி", "ஸ்வீட்ஹார்ட்" என்று கூப்பிடலாம், அப்பாவையும்தான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உட்காருவது பற்றி. பூத் என்கிற சோஃபா இருக்கை முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம், உள்ளே நகர்ந்து போய் உட்காரணும், எழும்போது பிடிமானம் கிடையாது. மேஜை நாற்காலி வேண்டும் என்று வாசலிலேயே கேளுங்கள். ஒரு மணி நேரம் உட்காருவாரா என்றால், வார நாளில் தாராளமாக. காபியை அவர்களே வந்து வந்து ஊற்றுவார்கள், எத்தனை தடவை ஆனாலும் ஒரே விலை. போதும் என்றால் கப்பின் மேல் கையை வைத்தால் புரிந்துகொள்வார்கள். ஆரஞ்சு நிறப் பிடி வைத்த கண்ணாடிக் குடுவையில் இருப்பது டீகாஃப், அதாவது கஃபீன் நீக்கிய காபி, அப்பாவுக்கு அதை ஊற்றினால் காபியில் சத்தே இல்லை என்பார். கூட்ட நேரத்தில் மட்டும் ஒரே காபிக்கு மேஜையை அடைத்துக்கொண்டு உட்காருவது நியாயமில்லை, ஏனென்றால் அந்த மேஜை எத்தனை தடவை மாறுகிறதோ அதுதான் சர்வரின் அன்றைய கூலி.

டிப்ஸுக்கு வருகிறேன். டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்பது மத்திய சட்டம், 1991இலிருந்து அந்தத் தொகை மாறவே இல்லை. டிப்ஸ் சேர்த்தும் குறைந்தபட்சக் கூலி வரவில்லை என்றால் மீதியை முதலாளி போடணும் என்று சட்டத்தில் இருக்கிறது. நியூஜெர்சியில் 2.13ஐ விடக் கூடுதல், ஆனாலும் மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலியைத் தொடாது. அதனால் இங்கே 20 சதவீதம் என்பது தாராள மனசு இல்லை, சாப்பாட்டு விலையில் எழுதாமல் விட்ட பகுதி. இன்னொன்று, டைனர் காலைச் சாப்பாடு மலிவு, ஆனால் சர்வர் நடக்கிற நடை மலிவில்லை. அப்பா தனியாகப் போய் ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சதவீதக் கணக்குப் போடாமல் இரண்டு மூன்று டாலர் வைக்கச் சொல்லுங்கள்.


சான்ஹோசேவாசி எழுதியது:

டிப்ஸ் பற்றி எல்லோரும் ஒரே பாட்டுப் பாடுகிறீர்கள். கலிஃபோர்னியாவில் டிப்ஸ் வாங்குகிறவருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆகணும், வாஷிங்டன் மாநிலம், ஓரிகன், நெவாடாவிலும் அப்படித்தான். ஆனாலும் இங்கேயும் அதே 20 கேட்கிறார்கள். கூலி குறைவு என்பதுதான் காரணம் என்றால் இங்கே ஏன்? நான் 15 தான் வைக்கிறேன், யாரும் என்னைத் துரத்திக்கொண்டு வந்ததில்லை. நின்றுகொண்டே வாங்கிப் போகிற இடத்தில் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுகிறார்களே, அங்கே பூஜ்யம்.


பழையசர்வர் எழுதியது:

ஸ்கிரீன் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மேஜைக்கு வந்து பரிமாறுகிற இடம் வேறு. கேள்வி கேட்டவர் இருப்பது நியூஜெர்சி, இங்கே இருக்கிற சட்டத்துக்குத்தான் நான் பதில் சொன்னேன். உங்கள் ஊரில் 15 வைத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அந்த டிப்ஸிலும் மேஜை துடைக்கிற பையனுக்கு ஒரு பங்கு போகும், முழுசும் சர்வர் பையில் தங்காது.


புதுக்குடித்தனம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் வாசனை பற்றிக் கேட்டேன், "பஸ்ல எல்லா வாசனையும் பார்த்தவதானே நான், தட்டுல வராம இருந்தா சரி" என்றார். அதனால் அவரும் வருகிறார், பேகலும் பழமும். ஹோம் ஃப்ரைஸ் வேண்டாம் என்று முடிவு.

இன்னும் இரண்டு சந்தேகம். டீ பற்றி யாரும் சொல்லவில்லை, அம்மாவுக்கு டீ இல்லாமல் காலை விடியாது. அப்புறம் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, வயது எழுபதைத் தாண்டியாகிவிட்டது. அந்த மெனுவின் அடியில் சரியாக வேகாத முட்டை பற்றி என்னவோ பொடி எழுத்தில் போட்டிருந்தது, அதைப் பார்த்தால் ஓவர் மீடியம் சரியா என்று யோசனை.


ஹாஃப்பாயில்ரசிகன் எழுதியது:

எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஓவர் ஹார்ட் சொல்லிவிடுங்கள். அந்தப் பொடி எழுத்து சால்மனெல்லா கிருமிக்காக. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் எல்லாம் வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை வெந்த முட்டையே சாப்பிடச் சொல்லித்தான் இங்கத்து உணவுத் துறை ஆலோசனை. சர்க்கரையும் இருக்கிறது என்றால் தயங்கவே வேண்டாம். இல்லையென்றால் காய்கறி ஆம்லெட், அதையும் நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லி, கிரேக்கர் கடையாக இருந்தால் ஃபெட்டா சீஸ் போடச் சொல்லுங்கள், ஓவர் ஹார்டை விட அதில் ருசி அதிகம்.


சைவப்பட்சி எழுதியது:

டீ கதை சோகக் கதை. சின்ன ஸ்டீல் கெண்டியில் வெந்நீர் வரும், தட்டில் ஒரு டீ பை, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. நீங்களே முக்கிக்கொள்ளணும். சொல்லும்போதே சூடான டீ, தனியாகப் பால், இரண்டு பை என்று சொல்லிவிடுங்கள். மேஜையில் இருக்கிற குட்டி டப்பாக்கள் பாலும் கிரீமும் பாதிப் பாதி கலந்தது, டீயில் ஊற்றினால் எனக்கென்னவோ எண்ணெய் மிதக்கிற உணர்வு. பாலையே கொஞ்சம் சூடாக்கித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், வார நாளில் செய்து தருவார்கள். அம்மா பையை முதலில் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து, பிறகு பால் ஊற்றட்டும், ஓரளவுக்குத் தேறும். இஞ்சி ஏலக்காய் எல்லாம் வீட்டுக்கு வந்துதான்.

தெற்கு மாநிலங்களுக்குப் போனால் வெறுமனே டீ என்று சொல்லிவிடாதீர்கள், ஐஸ் போட்டு, சர்க்கரைப் பாகாய் இனிக்கிற டீ வரும்.


எடிசன்பக்கம் எழுதியது:

அப்பாவின் சர்க்கரைக்கு, ஆரஞ்சு ஜூஸ் காலைத் தட்டோடு சேர்ந்தே வருகிற ஸ்பெஷல் பல இடத்தில் உண்டு, வேண்டாம் என்று சொல்லணும் அல்லது அம்மா பக்கம் தள்ளணும். டோஸ்டை கோதுமை அல்லது ரை சொல்லுங்கள். மேஜையில் வைத்திருக்கிற சிரப் பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகு, நிஜ மேப்பிள் வேண்டுமென்றால் தனிக் காசு, அப்பா அந்தப் பக்கமே திரும்ப வேண்டியதில்லை. மெனுவின் கடைசிப் பக்கத்தில் பெரியவர்களுக்கான சின்ன அளவுத் தட்டு இருக்கிறதா பாருங்கள், சில கடைகளில் 55 வயது, சில கடைகளில் 60க்கு மேல் என்று போட்டிருப்பார்கள், விலையும் குறைவு, அளவும் மனிதர் சாப்பிடுகிற அளவு.

இன்னொன்று மறந்துவிட்டோம் எல்லோரும். நியூஜெர்சி டைனர் என்றால் கவுண்டரில் பக்கத்து ஆள் கட்டாயம் டெய்லர் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், தெற்கு ஜெர்சியில் அதையே போர்க் ரோல் என்பார்கள். முட்டையும் சீஸும் வைத்து வட்ட ரொட்டியில் வரும், பார்க்க அழகாக இருக்கும். அது பன்றிக்கறி. அப்பா ஆர்வத்தில் "அவர் சாப்பிடறதே எனக்கும்" என்று கையைக் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சாண்ட்விச்சைக் கறி இல்லாமல், முட்டையும் சீஸும் மட்டும் வைத்து வாங்கலாம்.


புதுக்குடித்தனம் எழுதியது:

இது தெரியாமல் போயிருந்தால் நிச்சயம் கையைக் காட்டியிருப்பார். செவ்வாய்க்கிழமை ஏழரைக்குப் போகிறோம், ஆபீஸுக்குக் கொஞ்சம் தாமதமாக வருவதாகச் சொல்லியாயிற்று. கடைசியாக ஒன்று, தட்டு பெரிதாக வரும் என்கிறீர்களே, அப்பாவும் நானும் ஒரே ஆம்லெட்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா, கௌரவக் குறைச்சலா?


பழையசர்வர் எழுதியது:

கௌரவக் குறைச்சல் எல்லாம் இல்லை, நிறையப் பேர் செய்வதுதான். சில கடைகளில் பங்கு போட்டால் கூடுதல் தட்டுக்கு இரண்டு மூன்று டாலர் போடுவார்கள், மெனுவின் அடியில் எழுதியிருக்கும். அந்தக் காசுக்கு ஆளுக்கு ஒன்று வாங்கி, மீந்ததை டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவதே மேல், டப்பாவுக்குக் காசு வாங்க மாட்டார்கள். டோஸ்டை மட்டும் அங்கேயே முடித்துவிடுங்கள், டப்பாவில் வைத்தால் நமுத்துப்போகும்.